தலையீற்றுக்கு முன்பா, பின்பா? வீட்டுப் பூனைக்கும் நாய்க்கும் கருத்தடை அறுவை சிகிச்சை

ஸ்ரீரங்கத்து மாடி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்து மாதப் பெட்டைப் பூனை ஒன்றும், பதினான்கு மாதக் கடுவன் லாப்ரடார் ஒன்றும் வளர்கின்றன. பூனையைக் கண் திறந்த சில நாட்களில் மழைநீர்க் கால்வாய் ஓரத்திலிருந்து எடுத்து வந்து, பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்து வளர்த்தோம். கடந்த ஒரு வாரமாக அது இரவெல்லாம் கத்துகிறது. தரையில் புரள்கிறது. முதுகைத் தடவினால் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வாலை ஒருபுறம் ஒதுக்குகிறது. வயிற்றுவலி என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். பரிசோதித்த மருத்துவர், பூனை பருவத்துக்கு வந்திருக்கிறது, விரைவில் கருத்தடை செய்துவிடுங்கள், நாய்க்கும் யோசியுங்கள் என்றார்.

என் மாமியார் இதற்கு இசையவில்லை. பசுக்களோடு பிறந்து வளர்ந்தவர் அவர். "தலையீற்றாவது முடியட்டும், ஒரு முறை கூடத் தாயாகாமல் வயிற்றை அறுத்தால் அந்த வாயில்லா ஜீவனின் பாவம் நம்மைச் சேரும்" என்கிறார். கால்நடைகளைப் பற்றி அவர் சொன்னவற்றில் இதுவரை பிழை கண்டதில்லை என்பதால் அவருடைய சொல்லைத் தள்ளவும் மனம் வரவில்லை. அக்கம்பக்கத்துக்கு நல்லது, தெருவுக்கு நல்லது என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. அந்தப் பூனைக்கும் நாய்க்கும் இதனால் என்ன நன்மை என்பதை அனுபவமுள்ளவர்கள் எடுத்துச் சொன்னால், நானும் அதை வீட்டில் எடுத்துச் சொல்வேன்.

மூன்று கடுவன்:

வணக்கம் அம்மா. உங்கள் பூனைக்கு வந்திருப்பது நோயில்லை, ஆனால் அது சுகமாக இருக்கிறது என்றும் நினைத்துவிடாதீர்கள். பெட்டைப் பூனை கடுவனோடு சேர்ந்தால்தான் அதன் உடலில் கருமுட்டை வெளிப்படும். சேராவிட்டால் சில நாட்கள் அடங்கியிருந்து, இரண்டு மூன்று வாரங்களில் மறுபடியும் இதே கத்தல் தொடங்கும். குளிர்நாடுகளில் பகற்பொழுது குறுகும் மாதங்களில் இது நின்றுவிடும். நம் ஊர் வெளிச்சத்துக்கு அந்த ஓய்வும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. எங்கள் முதல் பூனை இப்படி நான்கு மாதம் தவித்தது. சரியாக உண்ணாமல் இளைத்துப்போய், சன்னல் வலையைக் கிழித்துக்கொண்டு ஒருநாள் இறங்கிப் போய்விட்டது. ஒன்பது நாள் கழித்துக் காது கிழிந்து, சினையாகத் திரும்பி வந்தது.

சினைக்காலம் ஒன்பது வாரம்தான். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அது அடுத்த சினையும் பிடித்தது. தாயாகும் மகிழ்ச்சி என்று உங்கள் மாமியார் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் ஈற்றின் குட்டிகளைத் தள்ளிவிட்டு, முதுகெலும்பு தெரிய அடுத்த ஈற்றைச் சுமந்த அந்தப் பூனையின் முகத்தில் மகிழ்ச்சி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் ஈற்றின் நான்கு குட்டிகளில் மூன்று, பிறந்த ஒரு மாதத்துக்குள் வாந்தியும் பேதியும் கண்டு இறந்தன. பிழைத்ததுதான் இப்போது என்னிடம் இருக்கும் மூன்று கடுவன்களில் மூத்தவன்.

மருந்துப்பெட்டி:

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கால்நடை மருத்துவம் பார்த்து வருபவன் என்ற முறையில், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மாமியார் சொல்வதில் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பசுவுக்குத் தலையீற்று முடிந்தால்தான் பால். அந்த அறிவு தொழுவத்தில் விளைந்தது, அங்கே அது முற்றிலும் சரி. பூனைக்கும் நாய்க்கும் அதைப் பொருத்தும்போதுதான் இடறுகிறது. ஒரு முறை குட்டி ஈன்றால் பெட்டையின் உடல்நலமோ குணமோ மேம்படும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. காத்திருப்பதால் அதற்கு இழப்புதான்.

பெட்டைக்குச் செய்யும் அறுவையில் சினைப்பைகள் இரண்டையும், பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து அகற்றுகிறோம். சினைப்பைகள் சுரக்கும் ஹார்மோன்கள் பருவத்துக்குப் பருவம் மடியையும் கருப்பையையும் தூண்டிக்கொண்டே இருப்பதுதான் பிற்காலத் தொல்லைகள் பலவற்றுக்கு வேர். பூனைகளுக்கு வரும் மடிக்கட்டிகளில் பத்துக்கு எட்டுக்கும் மேற்பட்டவை புற்று. நுரையீரலுக்குப் பரவும் தன்மை உடையவை. 2005இல் வெளியான ஆய்வொன்றில், ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை செய்யப்பட்ட பூனைகளுக்கு மடிப்புற்று வரும் வாய்ப்பு 91 விழுக்காடும், ஓராண்டுக்கு முன் செய்யப்பட்டவற்றுக்கு 86 விழுக்காடும் குறைந்திருந்தது. ஆண்டுகள் ஆக ஆக அந்தப் பலன் கரைந்துவிடுகிறது. தலையீற்றுக்குப் பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கும்போது நாம் கைவிடுவது இந்தக் காப்பைத்தான்.

நாய்களைப் பொறுத்தவரை எண்களைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். முதல் பருவத்துக்கு முன் அறுவை செய்த பெட்டைகளுக்கு மடிக்கட்டி வாய்ப்பு, செய்யாதவற்றின் வாய்ப்பில் 0.5 விழுக்காடு, ஒரு பருவத்துக்குப் பின் செய்தால் 8 விழுக்காடு, இரண்டு பருவங்கள் கடந்துவிட்டால் 26 விழுக்காடு என்று 1969இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. எங்கள் தலைமுறை இந்த மூன்று எண்களையும் மனப்பாடமாக ஒப்பிக்கும். 2012இல் பழைய ஆய்வுகளைத் திரட்டி மறுபடியும் அலசியவர்கள், இந்தச் சான்று நாங்கள் நம்பிய அளவுக்கு உறுதியானது இல்லை என்றார்கள். அதனால் அந்த எண்களை நான் இப்போது பழைய உறுதியோடு சொல்வதில்லை. என் மேசைக்கு வந்த மடிக்கட்டி நாய்கள் மிகப் பெரும்பாலும் கருத்தடை செய்யாத வயதான பெட்டைகள் என்பதை மட்டும் சொல்வேன்.

கருப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும் நோயைப் பற்றி எனக்கு இத்தகைய தயக்கம் எதுவும் இல்லை. பயோமெட்ரா என்பது அதன் பெயர். பருவம் முடிந்து சில வாரங்களில், ஹார்மோன் தூண்டலால் தடித்திருக்கும் கருப்பைக்குள் கிருமி புகுந்து சீழ் கட்டும். நடுவயதைக் கடந்த பெட்டைகளுக்கே மிகுதி. வீட்டு நாய்களுக்குக் கருத்தடை செய்யும் வழக்கம் குறைவாக இருந்த சுவீடன் நாட்டில் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெட்டை இந்நோய்க்கு ஆளாகியிருந்தது. கருப்பையும் சினைப்பைகளும் முழுமையாக அகற்றப்பட்ட பெட்டைக்கு இது வர இடமில்லை. வந்த பின் செய்யும் அறுவையும் அதே அறுவைதான், ஆனால் நலமான இளம் உடலில் செய்வதற்கும், நஞ்சேறிய உடலில் நள்ளிரவில் செய்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

உங்கள் லாப்ரடாரைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

செம்பருத்தி வேலி:

மருத்துவர் ஐயா எழுதிய நோயில்தான் எங்கள் பெட்டை நாயை இழந்தோம். எட்டு வயது. அந்தச் சித்திரையில் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தாள். வெயிலுக்குத்தான் குடிக்கிறாள் என்று இன்னொரு பாத்திரத்திலும் ஊற்றி வைத்தேன். இரவில் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தாள், அதற்காக ஒரு முறை அதட்டவும் செய்தேன். அதை நினைத்தால் இன்றும் தாங்க முடியவில்லை. ஐந்தாம் நாள் சோற்றைத் தொடவில்லை. பின்பக்கம் சீழோ கசிவோ எதுவும் இல்லாததால் கருப்பை என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. நாங்கள் முதலில் காட்டிய இடத்தில் குடற்கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தபோது வயிறு முழுக்கச் சீழ். அறுவை முடிந்தும் சிறுநீரகம் மீளவில்லை.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அவள் பருவத்துக்கு வந்து போயிருந்தாள். இரண்டையும் இணைத்துப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை. பெட்டை நாய் வைத்திருக்கும் எல்லாரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பருவம் வந்த தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், அதற்குப் பின் வரும் இரண்டு மூன்று மாதங்களில் தாகம் கூடினால் அன்றே கருப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட, காலத்தோடு கருத்தடை செய்துவிடுங்கள். அவளுக்கும் ஒரு ஈற்றுக்குப் பிறகு செய்யலாம் என்றுதான் தள்ளிப்போட்டோம். ஈற்றும் நடக்கவில்லை, அறுவையும் நடக்கவில்லை.

மருந்துப்பெட்டி:

அம்மா, உங்கள் மேல் பிழையில்லை. வெளியே கசியாத வகைதான் இந்நோயில் மிகக் கொடியது. வாசல் மூடியிருப்பதால் சீழ் உள்ளேயே தேங்கி நஞ்சு இரத்தத்தில் கலக்கும். வெயில் காலத்தில் தாகத்தை வைத்து அதை இனம் காண்பது எங்களுக்கே எளிதன்று. நீங்கள் எழுதிய நாட்காட்டிக் குறிப்பை நான் இனி வருவோர் எல்லாருக்கும் சொல்லப்போகிறேன்.

வைகை மணல்:

இந்த உரையாடலில் மாற்றுக் கருத்தைச் சொல்வதற்கு மன்னிக்கவும். நோய்கள் குறித்து மருத்துவர் எழுதியவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் நலமாக இருக்கும் ஓர் உயிரின் உடலிலிருந்து ஓர் உறுப்பை, அது சம்மதம் சொல்ல முடியாத நிலையில், வருங்காலத்தில் வரக்கூடிய நோய்க்காக எடுத்துவிடுவது சரியா என்ற கேள்வி எனக்குள் இருக்கிறது. குடல்வால் அழற்சி வரலாம் என்று நலமான குழந்தைக்கு யாரும் குடல்வாலை எடுப்பதில்லை. வள்ளலார் வழியில் வந்த குடும்பத்தில் வளர்ந்தவன் என்பதால் இது எனக்கு வெறும் வாதமாக இல்லை, உண்மையாகவே மனத்தை உறுத்துகிறது. கதவை அடைத்துப் பாதுகாத்தால் போதாதா?

மூன்று கடுவன்:

ஐயா, உங்கள் உறுத்தல் எனக்கும் இருந்தது. கதவை அடைத்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். வேட்கையை உடலில் விட்டுவைத்து, அது தீரும் வழியை மட்டும் அடைப்பதுதான் அங்கே நடக்கிறது. அந்த நான்கு மாதமும் என் பூனை அனுபவித்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பூனையைச் சுதந்திரமாக வெளியே விட்டாலோ, வண்டிச் சக்கரமும் கடுவன்களின் சண்டையும் காத்திருக்கின்றன. பூனைகளின் நோய் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் வைரஸ் ஒன்று கடிகாயத்தின் வழியாகத்தான் பெரிதும் பரவுகிறது என்று எங்கள் மருத்துவர் சொன்னார். மனிதருக்கு அது தொற்றாது, ஆனால் பூனைக்குத் தீர்வில்லை. காட்டுயிராக இருந்திருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன். என் சமையலறையில் உறங்கும் உயிருக்கு எந்த வாழ்வு நோவு குறைந்தது என்று பார்க்கும் பொறுப்பு எனக்கு உண்டு.

செம்பருத்தி வேலி:

ஒரு பெட்டிக்குள் ஐந்து குட்டிகளை வைத்துக் கோயில் வாசலிலோ மீன்சந்தையிலோ விட்டுவிட்டுப் போகிறவர்களும் கொடியவர்களாக இருப்பதில்லை ஐயா. அவர்கள் வீட்டில் இரக்கம் இருந்தது, இடம் இல்லை. "யாராவது எடுத்துக்கொள்வார்கள்" என்று நம்பி விடுகிறார்கள். அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவை என்ன ஆகின்றன என்பதைச் சந்தையில் கடை வைத்திருப்பவரைக் கேட்டால் தெரியும். வள்ளலார் வாடியது வாடிய பயிரைக் கண்டு. பிறந்து வாடப்போகும் அந்தக் குட்டிகளையும் அவருடைய கண்கள் கண்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

வைகை மணல்:

நீங்கள் இருவரும் சொன்னதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் குட்டிகளின் பக்கமிருந்து இதைப் பார்த்ததில்லை.

கரிசல் காவல்:

விருதுநகர் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக இராசபாளையம் நாய் வளர்க்கிறோம். எல்லாரும் கருத்தடை செய்துவிட்டால் நாட்டு இனங்கள் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு உண்டு. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் நல்ல வாரிசுகளை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் கவலையின் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இனத்தைக் காப்பது என்பது எல்லா நாயையும் ஈனவிடுவதில் இல்லை. எங்கள் வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. அக்காள் தம்பியைச் சேர்ப்பது, தகப்பனையே மகளுக்குச் சேர்ப்பது என்று காசுக்காக நெருங்கிய உறவில் சேர்த்துக்கொண்டே போனதால், செவிட்டுக் குட்டியும் வலுவில்லாத குட்டியும் பெருகின. காது கேட்காத நாயை ஈனவிடக் கூடாது என்று என் தாத்தா கட்டாயமாக இருந்தார். இப்போது எங்கள் பட்டியில் எந்த நாயை இனவிருத்திக்கு வைப்பது என்று பார்த்து முடிவு செய்கிறோம். மற்றவற்றுக்கும், வீட்டுக் காவலுக்கென்று பிறர் வாங்கிச் செல்லும் குட்டிகளுக்கும் கருத்தடை செய்யச் சொல்லியே கொடுக்கிறோம். இனம் தேய்வது இப்படித் தேர்ந்தெடுப்பதால் என்று நான் நினைக்கவில்லை. கண்டபடி சேர்ப்பதால்தான் தேய்கிறது.

மருத்துவரிடம் ஒரு வேண்டுகோள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒடிசலான வேட்டை நாய்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் தனிக்கவனம் வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதைப் பற்றியும் எழுதினால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உதவும். மயக்கத்துக்குப் பயந்துதான் பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

மருந்துப்பெட்டி:

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். கிரேஹவுண்ட் போன்ற ஒல்லியான வேட்டை இனங்களின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. பழைய மயக்க ஊசிகளில் ஒன்றான தயோபென்டோன் மெல்லிய உடலில் கொழுப்பில் சென்று தங்க இடமின்றி இரத்தத்திலேயே நின்றுவிடும், ஈரலும் அதை மெதுவாகவே கழிக்கும். அதனால் அந்த நாய்கள் கண் விழிக்க நெடுநேரம் ஆகும். உடற்சூடும் விரைவில் இறங்கும். இன்று வேறு மருந்துகள் உள்ளன, வாயு மயக்கமும் உள்ளது. சேர்ப்பதற்கு முன் "இது வேட்டை இனம்" என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், விழிக்கும் வரை போர்வையால் மூடி வைத்திருங்கள். எந்த மயக்கத்திலும் அபாயம் சிறிதும் இல்லை என்று சொல்லும் மருத்துவரை நான் நம்ப மாட்டேன். நலமான இளம் விலங்கில் அது மிகச் சிறியது, முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்தால் இன்னும் குறையும்.

இனி லாப்ரடார். கடுவன் நாய்க்கு விதைகளை அகற்றுகிறோம். காளைக்குக் கிட்டியால் நசுக்கிக் காயடித்ததைப் பார்த்தவர்கள் இதையும் அப்படியே கற்பனை செய்து நடுங்குகிறார்கள். முழு மயக்கத்தில், வலிமருந்தோடு, சிறிய கீறலில் முடியும் அறுவை இது. விதைப்புற்று வராது, வயதான கடுவன்களை வாட்டும் புரோஸ்டேட் வீக்கம் வராது, ஆசனவாயைச் சுற்றி ஹார்மோனால் வளரும் கட்டிகள் பெரும்பாலும் வாரா. விதை ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட நாய்க்கு இந்த அறுவை கட்டாயம், அந்த விதை புற்றாக மாறும் வாய்ப்பு மிகுதி. புரோஸ்டேட் புற்றிலிருந்து மட்டும் இது காப்பதில்லை. வீக்கம் வேறு, புற்று வேறு.

நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சேர்க்கையின்போது ஒரு நாயின் உடலிலிருந்து மற்றொன்றுக்கு உயிருள்ள புற்றணுக்களே இடம்பெயர்ந்து பிறப்புறுப்பில் பூக்கோசு போல வளரும் கட்டியொன்று நம் தெருநாய்களிடையே பரவலாக உண்டு. கார்த்திகை மாதத்தில் கதவு திறந்த இடைவெளியில் ஓடிப்போய்த் திரும்பிய வீட்டு நாய்கள், சில மாதங்களில் குருதி சொட்டச் சொட்ட என்னிடம் வந்திருக்கின்றன. வாரம் ஒன்றாக வின்கிறிஸ்டின் ஊசி போட்டு பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம், ஆனால் பல வாரங்கள் நாய்க்கும் வீட்டாருக்கும் அது பெரும்பாடு.

வயது பற்றி இப்போது எங்கள் எண்ணம் மாறியிருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2013இல் கோல்டன் ரிட்ரீவர் நாய்களையும், பின்னர் 2020இல் 35 இனங்களையும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். பெரிய இனங்கள் பலவற்றில், எலும்பு வளர்ச்சி முடியுமுன் கருத்தடை செய்தால் இடுப்பு, முழங்கால் மூட்டுக் கோளாறுகள் கூடுவதும், சிறிய இனங்களில் அப்படிக் கூடாததும் தெரியவந்தன. ஹார்மோன் இல்லாதபோது எலும்பின் வளர்முனை தாமதமாக மூடுவது அதற்கு ஒரு காரணம். அதனால் பெரிய இனக் கடுவனுக்கு ஆறு மாதத்தில் அவசரப்பட வேண்டாம் என்று சொல்கிறேன். உங்களுடையது பதினான்கு மாதம், வளர்ச்சி ஏறக்குறைய முடிந்திருக்கும். இப்போது செய்யலாம். பெரிய இனப் பெட்டைகள் சிலவற்றுக்கு அறுவைக்குப் பின் வயதான காலத்தில் உறக்கத்தில் சிறுநீர் கசிவதும் உண்டு, அதற்கு மருந்து இருக்கிறது. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு நன்மையை மட்டும் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

பால்கனிச் செடி:

நாய் வைத்திருப்பவர்கள் பலர், கடிக்கும் குணம் போகும் என்பதற்காகவே கருத்தடை செய்ய வருகிறார்கள். என் நாய்க்கும் அதற்காகத்தான் செய்தேன். அது ஓடிப்போவதும், தூண் தூணாகச் சிறுநீர் தெளிப்பதும், தெருவில் பிற கடுவன்களோடு மல்லுக்கு நிற்பதும் இரண்டு மாதத்தில் குறைந்தன. ஆனால் அந்நியரைக் கண்டு அஞ்சிக் குரைப்பதும் பாய்வதும் சிறிதும் குறையவில்லை. பயிற்சியாளர் ஒருவரிடம் ஓராண்டு பொறுமையாகப் பழக்கிய பிறகுதான் அது மாறியது. மருத்துவர் இதைப் பற்றி என்ன சொல்வார்?

மருந்துப்பெட்டி:

நீங்கள் கண்டதுதான் உண்மை. பெட்டையைத் தேடும் வேட்கையிலிருந்து பிறக்கும் செய்கைகள் குறையும். கடுவன் பூனை சுவரில் சிறுநீர் பீய்ச்சுவது பத்தில் ஒன்பதுக்கு அடங்கும் அல்லது வெகுவாகக் குறையும். அச்சத்திலிருந்து பிறக்கும் கடி அறுவையால் போகாது, சில அஞ்சும் நாய்களில் கூடவும் செய்யலாம். அத்தகைய நாய்க்கு முதலில் அச்சத்தைத் தீர்க்கும் வழியைப் பார்த்துவிட்டு அறுவையைப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

தாமிரக்குடம்:

ஒரு சிறிய ஐயம். எங்கள் ஊரில் வளர்ப்புப் பிராணிகளுக்கான கடை ஒன்றில், பூனை கத்தாமல் இருக்க மாத்திரை தருகிறார்கள். வாரத்துக்கு ஒன்று கொடுத்தால் போதுமாம். என் தங்கை அவளுடைய பூனைக்கு ஒன்றரை ஆண்டாகக் கொடுக்கிறாள். அறுவைக்குப் பதிலாக இதுவே எளிதில்லையா?

மருந்துப்பெட்டி:

தம்பி, தயவுசெய்து இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இந்த இழையில் நான் எழுதியவற்றுள் இதை மட்டுமாவது எல்லாரும் படிக்க வேண்டும். அந்த மாத்திரைகளும், பருவம் வராமல் இருக்கப் போடும் ஊசிகளும் புரோஜெஸ்ட்ரோன் வகை ஹார்மோன்கள். கருப்பையில் சீழ் கட்டுவதற்கும், மடி வீங்கிப் புற்றாவதற்கும், நீரிழிவுக்கும் அவை வழி வகுக்கின்றன. அறுவையால் எந்த நோய்களைத் தவிர்க்கிறோமோ, அவற்றையே இந்த மாத்திரை விலை கொடுத்து வாங்கி வருகிறது. உங்கள் தங்கை பூனையை மல்லாக்கக் கிடத்தி, இரு பக்கமும் மடிக்காம்புகளைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்க்கட்டும். மிளகளவு உருண்டை தட்டுப்பட்டாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டட்டும்.

தாமிரக்குடம்:

தங்கையிடம் பேசிவிட்டேன் ஐயா. கட்டி எதுவும் தட்டுப்படவில்லை என்கிறாள். மாத்திரையை நிறுத்திவிட்டாள். புதன்கிழமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறாள்.

பால்கனிச் செடி:

தெருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு, நாய்களைப் பிடித்துக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை 1960களிலேயே முன்வைத்தது. 2001இல் மத்திய அரசு விதிகளே வந்தன. 2023இல் அவை புதுப்பிக்கப்பட்டபோது, வீட்டு விலங்கின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் அதை வளர்ப்பவரே பொறுப்பு என்று தெளிவாக எழுதப்பட்டது. தெருநாய்க்கு மாநகராட்சி செய்துகொண்டே இருக்க, நம் வீட்டுக் கதவிடுக்கில் ஓடும் ஒரு கடுவன் அந்த உழைப்பைக் கலைத்துவிட முடியும்.

ஸ்ரீரங்கத்து மாடி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. செம்பருத்தி அம்மா எழுதியதை மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, அவருடைய பிறந்த வீட்டில் இருந்த பெட்டை நாய் ஒன்றும் இப்படித்தான் தண்ணீர் குடித்துக் குடித்து மாண்டது என்றும், அப்போது எல்லாரும் அதைப் பாம்புக்கடி என்று நினைத்ததாகவும் சொன்னார். பூனைக்கு நாள் குறிக்கச் சொல்லிவிட்டார்.

அறுவைக்கு முன் என்ன செய்ய வேண்டும், பின் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மருந்துப்பெட்டி:

உங்கள் மருத்துவர் சொல்லும் நேரக்கணக்கையே பின்பற்றுங்கள், வேறு யாருடைய கணக்கையும் கேட்காதீர்கள். வளர்ந்த நாயை முந்தைய இரவிலிருந்து பட்டினி போடச் சொல்வது வழக்கம். சிறு பூனைக்குட்டியை அத்தனை நேரம் பட்டினி போட்டால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும், அதற்குச் சில மணி நேரம் போதும். தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் உயரமான இடத்தில் வைக்காதீர்கள். மயக்கம் தெளியாமல் விழுந்துவிடும். தரையில், காற்று நேரடியாக வீசாத மூலையில், பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டுப் படுக்க வையுங்கள். நன்றாக நிற்கத் தொடங்கிய பிறகு வழக்கமான அளவில் பாதி உணவு போதும். நக்கித் தையலைப் பிரித்துவிடாமல் கழுத்துக் கூம்போ, உடற்சட்டையோ பத்து நாளாவது இருக்கட்டும். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துணுக்கைக்கூடப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள், அது பூனைக்கு உயிர்கொல்லி. நாய்க்குச் செய்யும்போது, அறுவைக்குப் பின்னும் சில வாரங்களுக்கு அதன் உடலில் விந்தணுக்கள் எஞ்சியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேலாவது பருவத்திலிருக்கும் பெட்டைகளிடமிருந்து விலக்கியே வையுங்கள்.

இரண்டுக்கும் பசி கூடும், செலவாகும் ஆற்றலோ குறையும். உணவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்து, மாதம் ஒருமுறை எடை பாருங்கள். லாப்ரடார் கெஞ்சும், கெஞ்சுவதில் அதற்கு நிகர் வேறு நாய் இல்லை. கருத்தடை செய்த நாய் பருத்துச் சோம்பேறியாகிவிடும் என்று சொல்பவர்கள் பார்த்ததெல்லாம், பழைய அளவிலேயே சோறு வைக்கப்பட்ட நாய்களைத்தான்.

ஸ்ரீரங்கத்து மாடி:

பூனைக்கு நேற்று முன்தினம் அறுவை முடிந்தது. காலையில் கொண்டுவிட்டு மாலையில் அழைத்து வந்துவிட்டோம். வயிற்றில் மயிர் மழித்த இடத்தில் இரண்டு விரற்கடை நீளத்துக்குத் தையல். முதல் இரவு தள்ளாடிக்கொண்டே கட்டிலின் அடியில் போய்ப் படுத்தது. மாமியாரும் தலையணையைத் தரைக்குக் கொண்டுவந்து அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். மறுநாள் காலை மீன் வேகவைத்த நீரை நக்கியது. மதியம் வழக்கம்போல என் விரலைக் கடித்தது. இன்று கழுத்துக் கூம்போடு சுவரில் முட்டிக்கொண்டு நடக்கிறது. இரவில் வீடு அமைதியாக இருக்கிறது.

தையலின் ஓரத்தில் பட்டாணியளவு வீக்கம் தெரிகிறது. சிவப்போ நீரோ இல்லை, தொட்டால் கத்தவும் இல்லை. கவலைப்பட வேண்டுமா? நாய்க்கு அடுத்த மாதம் முதல் வாரத்தில் நாள் வாங்கியிருக்கிறோம்.

மருந்துப்பெட்டி:

உள்தையலைச் சுற்றி உடல் அப்படித் திரள்வது இயல்பு, இரண்டு மூன்று வாரங்களில் கரையும். வீக்கம் பெரிதானாலோ, சூடாக இருந்தாலோ, கசிந்தாலோ, பூனை உண்ண மறுத்தாலோ உடனே காட்டுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒளிப்படம் எடுத்து வையுங்கள், மாற்றம் அதில் தெளிவாகத் தெரியும். தையல் பிரிக்கப் பத்தாம் நாள் போகும்போது நாயையும் உடன் அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனையை அன்றே முடித்துவிடுங்கள். அடுத்த மாதத்துக்கு ஒரு பயணம் மிச்சமாகும்.